விடைப் பட்டியலில் நீ இல்லை

மார்ச் 14, மாலை 6.20. தேர்வில் கேள்விகள் மொத்தம் 112.

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி குறைந்ததா? மருந்தை விட்டுவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்கும் பொறுப்புக்கு ஆள் எடுக்க, தொழிற்சாலையில் எங்கள் குணத்தை அளக்கும் தேர்வு ஒன்று வைத்தார்கள். ‘கஷ்டம் வந்தால் யாரிடம் பேசுவீர்கள்?’ என்று அதில் ஒரு கேள்வி. நண்பர், சக ஊழியர், மேலாளர், யாருமில்லை என்று நான்கு விடைகள். அம்மா என்று ஒன்று கிடையாது. உள்ளபடி ‘யாருமில்லை’ என்று குறித்தேன்.

இன்று மேலாளர் கூப்பிட்டார். “தம்பி, உனக்கு மனுஷங்களோட ஒட்டாதாம். நீ மெஷினோடவே இரு.”

“புதுசா வந்த ஆறு பேருக்கும் இத்தனை நாளா யாரு சார் சொல்லிக்கொடுத்தா? மெஷினா?”

“ரிப்போர்ட்ல அது இல்லையேப்பா.”

முழக்கோலை வைத்து அரிசி அளக்கிறார்கள், அம்மா.

ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. பக்கத்து வீட்டுச் சண்டையாவது சொல்லிக்கொண்டிரு. ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. இனி நான் செய்யப்போவது:

1. நாளை என் விடைத்தாளைக் கேட்டு வாங்குவேன்.
2. அந்த ஆறு பேரையும் மேலாளர் முன்னால் பேச வைப்பேன்.
3. பொறுப்பு கிடைக்காவிட்டாலும் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தமாட்டேன். தெரியாமல் மெஷினுக்குள் கையை விட்டால் அவர்களுக்கு விரல் போய்விடும்.