ஆறாவது இடத்தில் இருந்தவன்

மாப்ளே,

நேற்று உன் வீட்டுக்காரி ரோசம்மா சின்னக்கானலிலிருந்து பஸ் ஏறி வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, எஸ்டேட் லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பலகையை நீட்டினாள். "அரிசிப் பானைக்கு மூடியாக் கெடந்துச்சுண்ணே. கழுவுனப்பதான் எழுத்து இருக்கது தெரிஞ்சுது" என்றாள். பிரித்ததும் தேயிலை வாசம் அடிப்பதுபோல் இருந்தது. நாம் சுமந்த தேயிலைப் பெட்டிகளில் ஒன்றின் மூடி அது. பெட்டிக்கு நம்பர் போடும் கறுப்பு மையில் நாம் எழுதிய பத்துப் பெயர்களும் அப்படியே இருந்தன. ஆறாவது பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. அதை நான் அடிக்கவில்லை.

உனக்கும் எனக்கும் ஃபேக்டரியில் பெட்டி தூக்கி லாரியில் ஏற்றும் வேலை. லாரி வர நேரமானால் பெட்டிமேல் உட்கார்ந்து, உலகத்திலேயே பெரிய ஹெவிவெயிட் சாம்பியன் யார் என்று வழக்கு நடத்துவோம். இரண்டு பேரும் ஒரு குத்துச்சண்டை மேடையைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. டீக்கடை மலையாளப் பேப்பரும் போடி பஸ்ஸில் வரும் தமிழ்ப் பேப்பரும் ஒரே ஆளின் பெயரை வேறு வேறாக எழுதியதால், நாமே பெயர் வைத்துக்கொண்டோம். தோற்காமலே ஓய்ந்தவன் 'கெட்டிக்காரன்'. பேசியே பாதி ஆளை விழவைப்பவன் 'வாயாடி'. எவ்வளவு அடித்தாலும் முன்னாலேயே வருகிறவன் 'இஞ்சின்', ஆறாவது இடம் அவனுக்கு. இரண்டு பேரும் சரி என்றால்தான் ஒரு பெயரை ஏற்றலாம், இறக்கலாம், அடிக்கலாம். அது நாம் போட்ட சட்டம். வாயாடியை முதலிடத்தில் வைக்க உன்னிடம் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். "சரிலே, எழுதித் தொலை. ஒன் வாயும் அவன் வாயும் ஒண்ணுதான்" என்று சிரித்துக்கொண்டே மையை நீட்டினாய்.

பிறகு அந்தச் சண்டை வந்தது. வாயாடியும் இஞ்சினும் பதினாலு சுற்று மோதினார்கள். கடைசிச் சுற்றுக்கு இஞ்சினை அவனுடைய பயிற்சியாளர் எழவிடவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்ததாம். பேப்பரை மடக்கிவிட்டு, இஞ்சின் பெயரை அடித்துவிடுவோம் என்றேன். நீ பலகையை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

"அவன் எந்திரிக்கத்தாம்லே பாத்தான். வேண்டாம், உக்காருன்னு சொல்ல பக்கத்துல ஒரு ஆளு இருந்துருக்கான். அது எவ்வளவு பெரிய குடுப்பினை தெரியுமா?"

என் வாய் சும்மா இருக்குமா. "பெல் அடிச்சா எந்திரிக்கணும்லே. உக்காந்துட்டா அவன் சாம்பியனா? பொம்பளைங்ககூட குச்சி பொறுக்கப் போகச் சொல்லு" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தூக்கி ஏற்ற முடியாத ஆண்களை, பெண்களோடு உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்க அனுப்புவது எஸ்டேட் வழக்கம். அப்படிப் போனவர்களை நாம் இரண்டு பேருமே கேலி செய்திருக்கிறோம். அன்றைக்கு நீ மட்டும் சிரிக்கவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாய். வாதத்தில் தோற்ற கோபம் என்று நினைத்து எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

நாலாம் நாள், லாரியில் ஆறாவது பெட்டியோ ஏழாவதோ ஏற்றும்போது நீ விழுந்தாய். கை கொடுத்துத் தூக்கினேன். என் கையிலேயே போய்விட்டாய்.

கல்லறைக்குப் போய் வந்த பிறகு உன் சட்டைப் பையிலிருந்த சீட்டை ரோசம்மா என்னிடம் காட்டினாள். இருதயம் பலவீனம், சுமை தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கவும் என்று டிஸ்பென்சரி டாக்டர் எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். சண்டைச் செய்தி வருவதற்கு முந்தைய நாள். அப்படியானால் அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னோடு வாதாடியிருக்கிறாய். ஆபீசில் கொடுப்பதற்கு முன்னால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக நின்றிருக்கிறாய். நான் எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

இத்தனை வருஷமும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வந்தேன். நீ பிடிவாதக்காரன், என் பேச்சை எங்கே கேட்டாய், நீயாகத்தான் சீட்டைக் கொடுக்காமல் விட்டாய் என்று. நேற்று அந்தப் பலகை அதையும் பிடுங்கிக்கொண்டது. இஞ்சின் பெயரை அடித்திருப்பது உன் கை. நீ இடது கைக்காரன், கோடு வலப்பக்கம் தடித்துத் தொடங்கி இடப்பக்கம் மெலிந்து சரிகிறது. அதாவது, அந்த நாலு நாளில் என்றைக்கோ வீட்டில் தனியாக உட்கார்ந்து, நான் சொன்னதே சரி என்று ஒத்துக்கொண்டிருக்கிறாய். அப்புறம்தான் பெட்டி தூக்க வந்திருக்கிறாய்.

உனக்குப் பின் என் வீட்டில், வேலையிடத்தில் எவன் மூச்சு வாங்கினாலும், "உக்காருலே" என்பதுதான் என் வாயில் முதலில் வரும். சில பேர் எரிச்சல்படுவார்கள், உட்காரும்வரை விடமாட்டேன். கேட்க வேண்டியவன் கேட்கும் தூரத்தில் இருந்தபோது எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.

இன்று காலை கடையில் கறுப்பு மை வாங்கி வந்தேன். பலகை மடியில் இருக்கிறது. இஞ்சின் பெயரை மறுபடி எழுத வேண்டும், முதலிடத்தில். ஆனால் இரண்டு பேரும் சரி என்றால்தான் எழுதலாம். நான் சரி சொல்லிவிட்டேன், மாப்ளே. பிரஷ்ஷைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருக்கிறேன்.