காய்ந்த சுவரில் கொஞ்சம் ஈரம்

என் வாயாடி மகளுக்கு,

உன் அப்பா போன பிறகு வெளுத்தே கிடந்த கூடத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். நீலமும் பச்சையும் கலந்த நிறம். நீ கேலி செய்வாய் என்று தெரியும், செய்.

கதவுக்கும் திரைக்கும் இதோடு எந்த நிறம் ஒத்துப்போகும் என்று பெயிண்ட் கடைக்காரரைக் கேட்டேன். அவரும் தனிக்கட்டைதான். "காலையில நீலமாத் தெரியும், விளக்கு போட்டா பச்சையாயிடும். ரெண்டு வெளிச்சத்துலயும் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார். காலையில் வந்தார். சாயங்காலமும் வந்தார். கதவுக்கு மணல் நிறம், திரைக்கு வெளிர் மஞ்சள் என்று முடிவாயிற்று. நான் ஆரஞ்சு கேட்டுப் பார்த்தேன். "இது வீடுங்க, பஸ் ஸ்டாண்டு இல்ல" என்று ஒரே போடாகப் போட்டார். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சுவர் என்றைக்கோ காய்ந்துவிட்டது. காய்ந்ததா என்று பார்க்க அவர் தினமும் வருகிறார். நானும், "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குதுங்க" என்று சொல்லி டீ போடுகிறேன்.

ஜன்னல் பக்கச் சுவர் மட்டும் பாக்கி. "உங்க மக வந்து நிறம் சொல்லட்டும். அதுவரைக்கும் டப்பாவத் திறக்க மாட்டேன்" என்கிறார்.

சீக்கிரம் வா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை.

அம்மா