ஒரே கையில் போன இரண்டு கவர்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

காய்ச்சல் விட்டுவிட்டது. கடைசி நாள், மூன்று மணிக்குள் டெண்டர் பெட்டியில் போட வேண்டும், நானோ போர்வைக்குள் கிடந்தேன். அத்தான் மட்டும் வந்து, உன் கவரோடு என் கவரையும் வாங்கிப் போயிருக்காவிட்டால் என் கதி அவ்வளவுதான். வழியில் என் விலையைப் பிரித்துப் பார்த்தாரா என்று கேட்டு வை! அரசுப் பள்ளிகளுக்கு நாலாயிரம் பெஞ்சு. உனக்குக் கிடைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் வந்து உன் விருந்தை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

உன் தங்கை

மார்ச் 27

என் செல்லத்துக்கு,

நம் இருவரையுமே தள்ளிவிட்டார்கள். கொள்முதல் அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கவருக்கும் எதிரே உன் அத்தானின் கையெழுத்து.

"அக்காவும் தங்கச்சியும் பேசி வெச்சு விலை போட்டிருக்கீங்க. இதுல போட்டி எங்கம்மா இருக்கு?"

"சார், அவ என்னைவிடக் கம்மியாப் போட்டிருக்கா. பேசி வெச்சிருந்தா நான் ஏன் தோக்கணும்?"

"ஒருத்தர் வேணும்னே கூட்டிப் போட்டு இன்னொருத்தரை ஜெயிக்க வெக்கிறது. அதைத்தாம்மா பேசி வெக்கிறதுன்னு சொல்றோம்."

மிச்சமிருந்த ஒரே கம்பெனிக்கு ஆர்டர் போய்விட்டது. போட்டியே இல்லாமல்! அரசு டெண்டர் போட நமக்கு மூன்று வருடம் தடை. மேல்முறையீடு செய்தால், நமக்குள் பேச்சுவார்த்தையே இல்லை என்று இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அத்தான் எனக்குத் தெரியாமல் உனக்கு உதவினார் என்று வக்கீல் எழுதிவிட்டார். உன் பட்டறையில் பதினோரு பேர், என்னிடம் இருபது பேர். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு. வெறும் காகிதம்தானே.

அக்கா

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் உன்னுடையதை வக்கீல் படிக்கக் கொடுத்தார். ஐந்து வருடமாக நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லையாம். சரி, சிரித்தேன். காரணம் என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதில்தான் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவின் கடைசிக் காலத்தில் நான் கூட இருந்து, மனசைக் கலைத்து, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டேனாம்.

இதை வக்கீல் சொன்னாரா, நீ சொன்னாயா? அதை மட்டும் எழுது.

தங்கை

ஜூலை 2

என் செல்லத்துக்கு,

நீ கடிதத்தில் கேட்டதற்கு, விசாரணை நாளில் நேரிலேயே பதில் சொல்ல வந்தேன். நீ எதிர்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாய். "தங்கச்சியோட பேசுவீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்றேன். நீ நிமிர்ந்தே பார்க்கவில்லை. நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. நாம் கூட்டுச் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். தடை நீங்கியது. ஆனால் பெஞ்சுகள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் ஆர்டரை மாற்ற முடியாதாம். ஜெயித்தும் கையில் ஒன்றுமில்லை.

வீட்டு விஷயம். "நம்புற மாதிரி ஒரு காரணம் வேணும்மா" என்றார் வக்கீல். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. நான்தான் சொன்னேன். எத்தனை வருடமாக உள்ளே கிடந்ததோ, எனக்கே தெரியாது.

விசாரணைக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது; முந்தைய இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. நேற்று அத்தான் உன் பட்டறைக்கு வந்தபோது, உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாயாம். கேஸ் முடிந்துவிட்டது. இனி நாம் பேசினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அக்கா