நான்காம் கொக்கி

மார்ச் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா? சேர்ந்ததும் இரண்டு வரி எழுதுவாய் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. எத்தனையோ வருடம் கழித்து வந்தாய். கறுப்பு மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாய். தொழிலாளிகளுக்கு நான் விளக்கு கொடுக்கும் கடலடிச் சுரங்கத்தைப் பார்த்தே தீருவேன் என்று என்னோடு உள்ளே வந்தாய். மேலே வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் பேருந்தில் ஏறிவிட்டாய். உன் முதுகைத்தான் பார்த்தேன். என் மேல் என்னடி கோபம்?

இன்னொன்று. உள்ளே போகிறவர்கள் எண் பொறித்த வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துப் போய், வெளியே வந்ததும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். உன் கொக்கி காலியாகக் கிடக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலியாகவே இருந்த நான்காம் கொக்கியில் ஒரு பழைய வில்லை தொங்குகிறது, துடைத்தாலும் ஈரம் போகவில்லை. அதை எங்கே கண்டெடுத்தாய்? பொடிசுக்கு என் முத்தம்.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். இங்கே வெயில் அதிகம், அதனால் ஜன்னலுக்கெல்லாம் கனமான துணி போட்டுவிட்டேன். எதைச் சாப்பிட்டாலும் உப்புக் கரிக்கிறது. வீடு ஏன் இப்படிக் குளிர்கிறது என்று அவர் ஒருநாள் கேட்டார், பிறகு மறந்துவிட்டார். பொடிசு என் முகத்தைப் பார்த்தே, "அம்மா எப்ப வருவாங்க?" என்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் யாருடைய வில்லையையும் எடுக்கவில்லை. என் வில்லையை என் கொக்கியில்தான் மாட்டினேன்.

அன்புடன், தங்கை

மார்ச் 19

சிட்டு,

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? கோழி கிளறியது போல எழுதுவாய், இந்தக் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறதே.

நம் பழைய மேஸ்திரி பலகையைப் பார்த்தார். உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான்காம் எண் வில்லை, சுரங்கத்தில் தள்ளுவண்டி தள்ளிய ஒரு பெண்ணுடையதாம். கடல் உள்ளே புகுந்த அன்று எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள், அவள் மட்டும் வரவில்லை. "காத்திருந்தா ஊரே போயிருக்கும்மா. எல்லாருமாச் சேந்துதான் சுவர எழுப்பினோம்" என்றார். நீ பின்தங்கி நின்று தொட்டுப் பார்த்தாயே, அதே சுவர்.

நேற்று அதன் பின்னாலிருந்து யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. சின்ன வயதில் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது நீ கதவைத் தட்டும் அதே தட்டு. கோபம் வந்தால் என்னை என்ன சொல்லி அழைப்பாய்? அதை மட்டும் எழுதி அனுப்பு, போதும்.

அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை என் மடியில் தூங்குகிறாள். தூக்கத்தில் மட்டும்தான் என்னிடம் வருகிறாள்.

சுவரை உடைக்காதீர்கள். கடல் வந்துவிடும்.

ஏப்ரல் 2

உனக்கு,

உடைத்துவிட்டோம். மேஸ்திரியும் நானும்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. என் தங்கை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. "ஏ வாத்து, திரும்பிப் பாத்தா ஆளக் காணோம், எங்க போய்த் தொலைஞ்ச?" என்று என்னைத்தான் திட்டினாள். அவளுக்கு அது அதே நாள், அதே நிமிடம். மேலே வந்து தன் கையாலேயே வில்லையை மாட்டினாள். பக்கத்து அறையில் தூங்குகிறாள். கண் விழித்தால் பொடிசைப் பற்றித்தான் பேச்சு. உன்னைப் பற்றி நான் இன்னும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

நீ யார் என்று நான் கேட்கப்போவதில்லை. குழந்தையை ஒன்றும் செய்துவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

இன்னும் ஒரே ஒரு முறை அப்படி எழுதிக்கொள்கிறேன்.

குழந்தை பத்திரமாக இருக்கிறாள். தலை பின்னிவிட்டேன். ஒருநாளும் அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. அவர் எதையும் கவனிக்கவில்லை. அதை உங்கள் தங்கையிடம் சொல்லாதீர்கள், பாவம்.

உங்கள் தங்கைக்கு உள்ளே இருந்தது ஒரு நிமிடமாகத் தெரிந்தது, நீங்கள் தேடிப் போனதால். யாரும் தேடி வராதவளுக்கு அங்கே பொழுது போகாது. எனக்கும் ஓர் அக்கா இருந்தாள். அந்தச் சுவருக்குச் சாந்து குழைத்தது அவள்தான். அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் தட்டினேன்.

நீங்கள் வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். ஜன்னல் துணிகளைக் கழற்றிவிட்டேன். நான்காம் கொக்கியில் இருப்பதை மட்டும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அங்கே தொங்கும்வரை நான் வெளியே இருப்பேன்.