பழைய பதிப்பின் கணக்கு எண்கள்

சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். உன் நலத்தை உன் வாயால் கேட்டு மூன்று வாரம் ஆகிறது, நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். உன் அம்மா இன்னும் உன் அக்கா வீட்டில்தான். பேரனுக்குப் பல் முளைக்கும்வரை என்று போனவள், இப்போது அவன் நடக்கட்டும் என்கிறாள், அவன் கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவாள் போலிருக்கிறது. சமையல் நானேதான். உப்பு கூடிவிட்டது என்று சொல்லக்கூட ஆளில்லை.

உன் கோபத்துக்குக் காரணம் தெரியும். தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் புதிதாக வேண்டும் என்றாய். விலையைக் கேட்டதும், ஆறாம் பதிப்பும் ஒன்பதாம் பதிப்பும் ஒரே சரக்குதான், அட்டைதான் வேறு என்று சொல்லி, பழைய புத்தகக் கடையில் வாங்கி அனுப்பியவன் நான். பாடம் ஒன்றுதான், அதில் நான் தவறவில்லை. கணக்குகளின் எண்ணை மாற்றி வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு கணக்கையும் ஒழுங்காகப் போட்டும், கேட்ட கணக்குகள் இவையல்ல என்று உனக்கு சைபர். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேப்பா" என்று போனை வைத்தாய். தப்பு என்னுடையதுதான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. கேள்வியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து சைபர் போட்ட உன் ஆசிரியரையும் நான் மன்னிக்கப்போவதில்லை, அது வேறு.

எண்களை ஒப்பிட்டுப் பார்க்க அதே கடையில் இன்னொரு பழைய பிரதி வாங்கினேன். புதிய பதிப்பு இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், போயும் போயும் நெட்டையிடம். எனக்கு வரவேண்டிய பிரிவுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, அதுவும் அலுத்துப்போய் இப்போது இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறானே, அவன்தான். பன்னிரண்டு வருடம் அவன் முகத்தில் விழித்ததில்லை. கதவைத் திறந்தவன், "என்னய்யா, வழி தவறி வந்துட்டியா?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் "இதுக்கா இவ்வளவு தயக்கம், எடுத்துட்டுப் போ" என்று புத்தகத்தை நீட்டினான். "உன் பொருள் என் வீட்டு வாசலைத் தாண்டவேண்டாம், இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்" என்றேன். "வயசுதான் ஏறுது, வீம்பு இறங்கலே" என்று மேசையைக் காலி செய்து கொடுத்தான்.

தினமும் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய், ஒவ்வொரு கணக்காக ஒப்பிட்டு எழுதினேன். நான்காம் அத்தியாயத்தில் உன் புத்தகத்தின் பதினேழாம் கணக்கு, புதிய பதிப்பில் இருபத்துமூன்று. சிலவற்றில் எண் அதேதான், அழுத்தத்தின் அளவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அவை சிவப்பு மையில். புதிதாகச் சேர்த்தவற்றை முழுதாக எழுதியிருக்கிறேன். ஏழு அத்தியாயம் இத்துடன் இருக்கிறது, அடுத்த அசைன்மென்டுக்குப் போதும். ஒருநாள் அந்தப் பதவி விவகாரத்தை எடுத்தேன். அவன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான். நான் நம்பவில்லை. மறுநாளும் போனேன். அவன் வீட்டிலும் வேறு யாரும் இல்லை.

நல்லபடியாகப் படி, நன்றாக இரு. கண்ணாடியின் பவரை மறக்காமல் சோதித்துக்கொள். இன்னும் ஐந்து அத்தியாயம் பாக்கி. அவசரமென்றால் சொல், நெட்டை போனில் படமெடுத்துப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவான், முதல் நாளே சொன்னான். அவசரமில்லையென்றால் நானே போய் எழுதி அனுப்புகிறேன்.

எதுவானாலும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
அப்பா