தொட்டித் தண்ணீரை நான் கொட்டவிடவில்லை

என்னங்க,

இன்று காலை மீன்தொட்டியின் மூடியைத் துடைத்தேன். விளிம்பில் பூத்திருந்த உப்பு கையோடு வந்தது, கூடவே அந்த வாடையும். உங்கள் சட்டைக் கையில் எப்போதும் இருந்த வாடை. உள்ளே சிப்பி நன்றாக விரிந்து நீல உதட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் போன அன்றே இதுவும் போயிருக்க வேண்டியது. நான் விடவில்லை.

குரும்பகரத்து வயலில் வளர்ந்த உங்களுக்குக் கடல்மேல் அப்படி என்ன பைத்தியமோ. திருமலைராயன்பட்டினத்தில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் என் தம்பிதான் நடுக்கடல் தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுவான். "கடலு பக்கத்துலயே கெடக்கு. மச்சான் கரண்டு பில்லு கட்டி அத வூட்டுல வளக்குறாரு" என்று சிரிப்பான். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

முதல் சிப்பியைக் கொன்றது நீங்கள்தான். போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்றால், எழுதுவேன். வெளிச்சம் போதவில்லை என்று இடம் மாற்றப் போய், பாறையில் ஒட்டியிருந்ததை ஒரே இழுப்பாக இழுத்தீர்கள். அது பாறையைப் பிடித்திருந்த நூல்களோடு சதையும் கிழிந்து வந்துவிட்டது. அது செத்த அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை. "இனிமே இதுல நான் கைய வைக்கல. நீயே பாத்துக்க" என்றீர்கள். அடுத்த சிப்பியைப் பாறை உச்சியில் நான்தான் வைத்தேன். அது அங்கேயே பிடித்துக்கொண்டது.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாவு வீட்டில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிடுவது வழக்கமாயிற்றே. குடம், அண்டா எல்லாம் கவிழ்த்தாகிவிட்டது. ஒப்பாரிக்கு நடுவே சளசளவென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். உங்கள் பங்காளி ஒருவர் தொட்டிக்குள் டியூபை விட்டு வாசலுக்குத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார். பாறை உச்சி வெளியே தெரிந்தது. சிப்பி இறுக மூடிக்கிடந்தது.

எழுந்தேன். புருஷன் பக்கத்திலிருந்து அப்போது எழக் கூடாதாம். போய் டியூபைப் பிடுங்கி எறிந்தேன்.

"சாவு விழுந்த வூட்டுத் தண்ணி நிக்கப்படாது" என்றார் உங்கள் அக்கா.

"கடலுக்கு ஏது அண்ணி தீட்டு? நாளைக்கி சாம்பலக் கரைக்க எங்க போவீங்க?"

பங்காளி, "அந்தச் சிப்பிய வேணா புடுங்கிக் கீழ தண்ணில போட்டுடறேன்" என்று கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

உங்கள் சவர பிளேடை எடுத்துவந்தேன். சிப்பிக்கு அடியில், பாறையை ஒட்டியே செருகி, நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். இழுக்கவில்லை, நெம்பவில்லை. கடைசி நூல் விட்டதும் அது தானாக என் உள்ளங்கைக்கு வந்தது. மிச்சமிருந்த தண்ணீரில் அமிழ்த்தி, உள்ளே காற்று தங்காமல் மெல்லச் சாய்த்து, அடியில் ஒரு தட்டைக் கல்லின்மேல் வைத்தேன். பிறகு ஈரக் கையோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் தம்பி கேன்களோடு வந்து தொட்டியை நிரப்பினான். சில நாளில் சிப்பி அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டது. இனி மாற்ற வேண்டுமென்றால் கல்லோடு தூக்கினால் போதும், பிளேடு வேண்டாம்.

ஊர் பேசியது. பேசட்டும். போன வாரம் உங்கள் அக்கா வந்து தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"அன்னிக்கி நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஊரே பாத்துச்சு."

"அழுதிருந்தா கை நடுங்கியிருக்கும், அண்ணி."

அதற்குமேல் அவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அன்று அழாமல் வைத்த அழுகை அப்படியே என்னிடம் இருக்கிறது. ஊர் பார்ப்பதற்காக அதை எடுக்க மாட்டேன். எனக்கு வரும்போது, உங்களுக்காக மட்டும் அழுவேன்.