மரத்த கைக்கு வைத்த ஒத்தடம்

தம்பி,

காலையில் எதிர் வீட்டுப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கொஞ்சம் ஒத்தடம் குடேன்" என்றாள். பாட்டிலில் வெந்நீரை ஊற்றித் துணியைச் சுற்றியதும் அதை அப்படியே கீழே வைத்துவிட்டேன். முடியாது போ என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

யுத்தம் முடிந்த வருஷம் நீ லஸ் முனையில் டிராமிலிருந்து விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாய். அச்சாபீசில் ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோக்கிறவனுக்கு வலது கைதானே சோறு. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் நீ வலியில் கத்தியது வராந்தாவரை கேட்டது. டாக்டர் வந்து உன் கழுத்தெலும்புக்கு மேலே ஊசியை நுழைத்து, "விரல்ல சுர்ருனு பாஞ்சா சொல்லு" என்றார். நீ சொன்ன இடத்தில், கையை மரக்கவைக்கும் மருந்தை ஏற்றினார். அரை மணியில் சிரித்தாய்.

"இன்னாக்கா இது, எவன் கையோ எம்பக்கத்துல படுத்துகினு கீது."

கை மரத்திருக்கிறது, ஒன்றும் செய்யாதே என்று நர்சம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கேட்டேனா? கட்டுக்கு வெளியே இருந்த விரல்களைத் தூக்கிப் பார்த்தேன்; தொப்பென்று விழுந்தன. கை செத்துவிட்டதென்று பயந்துபோய், வெந்நீர் வாங்கி வந்து பாட்டிலால் ஒத்தடம் கொடுத்தேன்.

"சுட்டா சொல்லுடா."

"சுடவே இல்லக்கா. இன்னும் சூடா கொண்டா."

கொண்டுவந்தேன். மரத்த கையிடம் போய்ச் சூடு கேட்ட முட்டாள் நான்.

மறுநாள் மூன்று விரல்களில் கொப்புளம். யார் செய்த வேலை என்று டாக்டர் சத்தம் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே நீ முந்திக்கொண்டாய்: "நாந்தான் சார். குளிருச்சு, பாட்டில வச்சினு தூங்கிட்டேன்." அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முழங்கை நேராகக் கூடியது. வெந்து மடங்கிய விரல்கள் நிமிரவே இல்லை. அச்சாபீசில் உன்னைக் காகிதக் கட்டுத் தூக்க வைத்தார்கள். அம்மா சாகும்வரை உன் அஜாக்கிரதையைச் சொல்லித் திட்டினாள். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய்.

அதன் பிறகு நான் காபி கொடுத்தாலும், குளிக்கத் தண்ணீர் விளாவினாலும், கேட்காமலே "சூடு சரியா கீதுக்கா" என்பாய். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நான் தைரியமாக இருக்கவேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும்.

போன ஐப்பசிக் காய்ச்சலில், உன் கடைசி நாளன்று, நெற்றியில் ஈரத்துணி போட்டேன். நான்தான்டா உன் கையைக் கெடுத்தேன், என்னை மன்னித்துவிடு என்று இன்றாவது கேட்டுவிட வேண்டுமென்று குனிந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "சூடு சரியா கீதுக்கா" என்றாய்.

அது ஜில்லென்ற பானைத் தண்ணீரில் நனைத்த துணி, தம்பி. கேட்க வந்ததைக் கேட்காமலே நிமிர்ந்துவிட்டேன்.